அஷீல் வீட்டில் இறங்கிய பந்தயம்

அஷீல் காலெவார்ட் சம்பளத்துக்கு சைக்கிள் ஓட்டத் தொடங்கி எட்டு வருடம் ஆகியிருந்தது. அதுவரை ஒரு பெரிய பந்தயத்திலும் அவன் முதலாவதாக வந்ததில்லை. அதற்காக அவனை யாரும் குறை சொன்னதும் இல்லை. ஜெயிப்பது அவன் வேலையே அல்ல. அவன் வேலை தண்ணீர் தூக்குவது.

ஒவ்வொரு அணிக்கும் தலைவன் என்று ஒருவன் இருப்பான், மற்றவர்கள் அவனுக்காக உழைப்பார்கள். அஷீலின் தலைவன் நோயெல் டெமைன்க். நோயெலுக்கு எதிர்க்காற்று அடித்தால் அஷீல் முன்னால் போய்ச் சுவராக நிற்பான். நோயெலின் சக்கரம் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பான். நோயெலுக்குத் தாகமெடுத்தால் வழியில் தென்படும் ஏதாவது ஒரு பீர்க்கடைக்குள் புயலாகப் புகுந்து, கையில் அகப்பட்ட புட்டிகளைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு மறுபடி ஏறி, போய்விட்ட கூட்டத்தைத் துரத்திப் பிடிப்பான். அந்தக் காலத்தில் எல்லா அணியிலும் தண்ணித்தூக்கிகள் இப்படித்தான் கடைகளைச் சூறையாடினார்கள். கடைக்காரர்களும் திட்டிக்கொண்டே விட்டுவிடுவார்கள்.

அவனுக்குக் கல்யாணம் ஆனதே இந்தச் சூறையாடலில்தான். ஓர் ஆகஸ்ட் மாதம், உள்ளூர்த் திருவிழாப் பந்தயம் ஒன்று சாண்டர்கெம் வழியாகப் போனபோது அவன் சிரீல் என்பவரின் பீர்க்கடைக்குள் பாய்ந்தான். உள்ளே சிரீலின் மகள் இர்மா தனியாக இருந்தாள். பயந்து ஒதுங்கவில்லை. அவன் கையை எட்டிப் பிடித்து, "அத வை. அது வெயில்ல காய்ஞ்ச புட்டி. கீழ் தட்டுல எடு, அதுதான் ஜில்லுனு இருக்கும்" என்றாள். மறுநாள் காலி புட்டிகளைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்ற சாக்கில் அவன் சாண்டர்கெம்முக்கு வந்தான். அடுத்த வாரம் சாக்கு எதுவும் இல்லாமலே வந்தான். வருடம் திரும்புவதற்குள் சிரீலுக்கு வீட்டோடு மாப்பிள்ளை ஆகிவிட்டான்.

வீட்டோடு மாப்பிள்ளைக்கு ஊரில் என்ன மரியாதை கிடைக்குமோ அதுதான் அவனுக்கும் கிடைத்தது. குளிர்காலத்தில் பந்தயம் கிடையாது. அந்த மாதங்களில் அவன் முன்பக்கம் பெட்டி வைத்த பார சைக்கிளில் பீர்ப் புட்டிகளை அடுக்கிக்கொண்டு வாத்துமேட்டின் உச்சியில் இருக்கிற பண்ணைகளுக்குக் கொண்டுபோய்ப் போட்டான். வாத்துமேடு பெயருக்குத்தான் மேடு. கருங்கல் பாவிய அந்த ஏற்றத்தில் மாடே மூச்சு வாங்கும். கடையில் சீட்டாடிக்கொண்டிருப்பவர்கள் அவன் நனைந்த கோழி மாதிரித் திரும்பி வருவதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

"கோடையில தண்ணி தூக்குறான், குளிர்ல பீர் தூக்குறான். இவன் ஜாதகமே இதுதான்போல."

"ஏம்ப்பா அஷீல், பேப்பர்ல உன் பேரு வந்திருக்கே. 'மற்றும் பலர்'னு போட்டிருக்கான் பாரு."

அஷீல் கோபித்துக்கொள்ள மாட்டான். சிரித்துக்கொண்டே பெட்டியை இறக்கி வைப்பான். இர்மாவுக்குத்தான் மூக்கு நுனி சிவந்துபோகும். அப்படிச் சொன்னவனுக்கு அன்றைக்கு ஊற்றுகிற பீரில் பாதி நுரையாகத்தான் இருக்கும்.

இப்படியிருக்கும்போது அறுபத்து மூன்றாம் வருடம் மார்ச்சில் ஒரு செய்தி வந்தது. ஏழு மேட்டுப் பந்தயம் வழக்கமாகப் போகிற நெடுஞ்சாலையைத் தோண்டிப் போட்டுவிட்டார்கள். அதனால் அந்த வருடம் மட்டும் பந்தயம் சாண்டர்கெம் தெரு வழியாகப் போகும். கடைசி ஏற்றமும் வாத்துமேடுதான்.

ஏழு மேட்டுப் பந்தயம் என்றால் ஃபிளாண்டர்ஸில் சின்ன விஷயமில்லை. அன்றைக்குப் பாதிரியார் பூசையைச் சுருக்கிக்கொள்வார். விடிந்ததும் கென்ட் நகரத்தில் கிளம்பியவர்கள் நாள் முழுக்க ஓட்டி, பிற்பகல் முடியும்போது லீர்டெகெம் சந்தைத் திடலில் வந்து விழுவார்கள். அது தங்கள் வாசல் வழியாகவே போகிறது என்றதும் சாண்டர்கெம்காரர்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஊர் பேண்டு வாத்தியக்காரர்கள் பித்தளையைத் துலக்கினார்கள். இர்மா பாற்சோறு நிரப்பிய அப்பங்களைத் தட்டுத் தட்டாகச் சுட்டு வைத்தாள்.

பந்தயக்காரர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. பாதை ஒருவனுடைய சொந்த ஊர் வழியாகப் போனால், மற்றவர்கள் கொஞ்சம் வேகம் குறைத்து அவனை முன்னால் போகவிடுவார்கள். அவன் போய்ப் பெண்டாட்டி பிள்ளைகளை ஒரு வார்த்தை விசாரித்து, முத்தம் கொடுத்து நிற்பான். கூட்டம் வந்ததும் சேர்ந்துகொள்வான். அந்த நேரத்தில் யாரும் தாக்கக்கூடாது, அதாவது திடீரென்று வேகமெடுத்து மற்றவர்களைக் கழற்றிவிட்டு ஓடக்கூடாது. எங்கேயும் எழுதி வைக்காத சட்டம் அது.

பந்தயத்தன்று காலையிலிருந்தே வானம் ஈயம் பூசியதுபோல் இருந்தது. வடக்கிலிருந்து காற்று. மதியத்துக்கு மேல், சாண்டர்கெம் தேவாலயக் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்ததும் அஷீல் கூட்டத்தின் முன்வரிசைக்குப் போனான். அங்கே யாப் ஓட்டிக்கொண்டிருந்தான். யாப் ஹாலந்துக்காரன், போன வருடம் இந்தப் பந்தயத்தை ஜெயித்தவன். கூட்டத்துக்கு அன்றைக்கு அவன்தான் நாட்டாமை. அவன் தலையசைக்காமல் எதுவும் நடக்காது.

"யாப், அடுத்தது என் ஊரு. முன்னால போயி வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டு வரட்டுமா?"

யாப் அவனை மேலும் கீழும் பார்த்தான். "உனக்கு எத்தன பொண்டாட்டி?"

"ஒண்ணுதான்."

"அப்ப சீக்கிரம் முடிஞ்சிடும். போயிட்டு வா."

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். "எனக்கும் ஒரு முத்தம் வாங்கிட்டு வாடா" என்று எவனோ கத்தினான். அஷீல் பெடலை மிதித்துத் தனியாகப் போனான்.

கூட்டத்துக்கு முன்னால் தனியாக ஓட்டுவது எப்படியிருக்கும் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. எப்போதும் எவனோ ஒருவனின் முதுகைப் பார்த்தே ஓட்டிப் பழகியவனுக்கு, வெறும் சாலை கூச்சமாக இருந்தது. தெருமுனை திரும்பியதும் பேண்டு முழங்கியது. இரண்டு பக்கமும் ஊரே நின்றது. வழக்கமாகச் சீட்டாடுகிறவர்கள்கூடத் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்கள்.

அவன் கடை வாசலில் இறங்கினான். இர்மா ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "ஐயோ, ஐஸ் மாதிரி இருக்கியே. இந்தா, தின்னு" என்று ஓர் அப்பத்தை வாயில் திணித்தாள். இன்னொன்றைக் காகிதத்தில் சுற்றி அவன் சட்டையின் முதுகுப் பையில் செருகினாள். மாமனார் சிரீல் ஒரு கிளாஸ் பீரை நீட்டினார். "குடிங்க மாப்ள, ஊரே பாக்குது." பாதிரியார் கை கொடுத்தார். பேண்டு மாஸ்டர் கை கொடுத்தார். ஆயுளில் ஒரு நாள் கிடைத்த மரியாதையை அவனால் தட்ட முடியவில்லை. எல்லோருக்கும் கை கொடுத்தான்.

அப்போதுதான் கூட்டம் வந்தது. வந்த விதமே வேறாக இருந்தது. எல்லோரும் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒற்றை வரிசையில் பறந்தார்கள். தெருவைத் தாண்டினால் திறந்த வயல், பக்கவாட்டில் காற்று. அங்கே கூட்டத்தைத் துண்டாக்க இதைவிட நல்ல சமயம் கிடையாது. யாப்பும் அவன் ஆட்களும் ஊர் எல்லையிலேயே தாக்கத் தொடங்கிவிட்டார்கள். நோயெல் அந்த வரிசையில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ ஆளாகப் போனான். போகிற போக்கில் அஷீலைப் பார்த்து ஏதோ கத்தினான். காற்றில் கேட்கவில்லை.

அஷீல் ஏறப் போனான். ஊர் ஜனங்களின் நெரிசலில் யாரோ இடித்து செயின் கழன்றிருந்தது. குளிரில் விறைத்த விரல்களால் அதை மாட்டுவதற்குள் முதல் கூட்டம் போய், சிதறியவர்கள் போய், பின்தொடரும் அணிக் கார்களும் போகத் தொடங்கின. அவன் அணி மேனேஜர் ஒமேர் கார் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட்டிருந்தார்.

"என்னடா இங்க, கல்யாண விருந்தா? அங்க நோயெல் தனியா மாட்டிக்கிட்டான். நீ மொய் வாங்கிக்கிட்டு நிக்கிறியா?"

கார் போய்விட்டது. பேண்டு வாத்தியம் தானாகவே நின்றுபோனது. எல்லோர் முகமும் சாவு வீட்டு முகமாக மாறிவிட்டது.

அஷீல் தெருவைப் பார்த்தான், பிறகு கடையைப் பார்த்தான். தன் வீடு. உள்ளே அடுப்பு எரிகிறது, மாடியில் காய்ந்த துணி இருக்கிறது. பந்தயத்தை விட்டு விலகுகிறவன் எவனுக்கும் இத்தனை வசதி வாய்த்ததில்லை. மெதுவாகச் சைக்கிளைச் சுவரோரம் சாய்க்கப் போனான்.

"என்ன பண்ற?" என்றாள் இர்மா.

"அவ்ளோதான் இர்மா. இனி பிடிக்க முடியாது."

"யார் சொன்னா?"

"காத்து எப்படி அடிக்குது பாரு. எனக்குத் தெரியாதா?"

"விடும்மா, புள்ள உள்ள வரட்டும்" என்றார் சிரீல். "தோத்தாலும் நம்ம மாப்ளதானே."

இர்மா நேராகப் போய்க் கடைக் கதவை இழுத்துச் சாத்தினாள். சாவியைத் திருப்பினாள். அதை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

"கடை மூடியாச்சு" என்றாள். "லீர்டெகெம் போய்ச் சேர்ந்துட்டு வா, திறக்கிறேன். கடைசி ஆளா வா, பரவாயில்ல. இன்னிக்கு இங்க இறங்கிட்டேன்னா அந்தச் சீட்டாடுற மேசைக்காரங்க நீ சாகுற வரைக்கும் இதையே சொல்லிச் சிரிப்பாங்க. என்னால தினமும் நுரையா ஊத்திக்கிட்டு இருக்க முடியாது."

சீட்டாடுகிறவர்களில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அஷீலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏறினான். அவனைப் பின்னாலிருந்து பத்துப் பேர் தள்ளிவிட்டார்கள். அதில் பாதிரியாரும் ஒருவர்.

திறந்த வயலுக்கு வந்ததும் காற்று அவன் கன்னத்தில் அறைந்தது. தலையைக் கவிழ்த்துக்கொண்டு மிதித்தான். சிதறிப் போனவர்கள் சாலை நெடுகிலும் இரண்டு பேர், மூன்று பேராக உதிர்ந்து கிடந்தார்கள். ஒவ்வொருவரையும் பிடித்துத் தாண்டினான். சிலர் அவன் பின்னால் ஒட்டிக்கொள்ளப் பார்த்து முடியாமல் விட்டார்கள். வயிற்றில் அப்பமும் பீரும் கதகதவென்று இருந்தன. எட்டு வருடமாகப் பின்தங்கித் துரத்துவதையே தொழிலாகச் செய்தவன் அவன். மற்றவர்களுக்குப் பின்தங்கினால் மனசு உடையும். அவனுக்கு அது தினசரி வேலை.

ஆனாலும் முன்னால் போனவர்களை அவன் தன் காலை மட்டும் நம்பிப் பிடித்திருக்க முடியாது. அன்றைக்கு அதிர்ஷ்டமும் அவன் பக்கம் ஒரு தடவை தலையைக் காட்டியது. வளைவு திரும்பியதும் சாலையில் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. நிலக்கரி ஏற்றிய சரக்கு வண்டி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. கேட்டுக்கு முன்னால் பதினைந்து இருபது பேர் சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்றார்கள். குதிரைகள் மாதிரி அவர்கள் முதுகிலிருந்து ஆவி பறந்தது. கேட் மூடினால் மூடியதுதான். அதற்குள் வந்து சேர்கிறவனை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

யாப் திரும்பிப் பார்த்தான். "என்னடா, பொண்டாட்டி துரத்திட்டாளா?"

"ஆமா" என்றான் அஷீல் மூச்சு வாங்கிக்கொண்டு. "கதவைப் பூட்டிட்டா."

அத்தனை களைப்பிலும் ஒரு சிரிப்பு எழுந்தது. நோயெல் மட்டும் சிரிக்கவில்லை. அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. "எங்கடா போயிருந்த? தண்ணி இருக்கா?" அஷீல் தன் புட்டியை எடுத்துக் கொடுத்தான்.

கேட் திறந்தது. சைக்கிள்காரர்கள் தாண்டினார்கள். பின்னால் வரிசையாக நின்ற கார்கள் கிளம்பி வருவதற்குள் எதிர்த்திசையில் வேறொரு வண்டிக்காக மணி அடித்து கேட் மறுபடி இறங்கிவிட்டது. எல்லா மேனேஜர்களும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். ஒமேர் காரின் ஹாரன் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. வாத்துமேடு தெரிகிற தூரத்தில் நோயெல் அஷீலின் பக்கத்தில் வந்தான்.

"அஷீல், என் காலு செத்துப் போச்சுடா. நரம்பு இழுக்குது."

"என் பின்னாலயே ஒட்டிக்கிட்டு வா. மெதுவா இழுத்துட்டுப் போறேன்."

"இழுத்து என்ன பண்ண? நான் அந்த மேட்டுல நடக்கக்கூட மாட்டேன். நீ போ."

"நானா?"

"வேற யாரு இருக்கா நம்ம அணியில?"

"ஒமேர் என்ன சொல்வாரு?"

"ஒமேர் எங்கடா இருக்காரு? திரும்பிப் பாரு."

அஷீல் திரும்பிப் பார்த்தான். சாலை வெறிச்சோடிக் கிடந்தது. நில் என்று சொல்லவும் ஆளில்லை, கொடு என்று சொல்லவும் ஆளில்லை. இத்தனை வருடத்தில் ஒரு பந்தயத்தில் இப்படி ஒரு நிமிடம் அவனுக்கு வாய்த்ததே இல்லை. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. முதலில் பயமாகத்தான் இருந்தது. நோயெல் அவன் முதுகில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினான். அணித் தலைவன் தண்ணித்தூக்கியைத் தள்ளிவிட்டதை அங்கே இருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

வாத்துமேட்டின் கற்கள் மழையில் மீன் முதுகு மாதிரி வழுக்கின. பாதி ஏற்றத்தில் ஒருவன் சறுக்கி விழுந்தான். அவன் மேல் இன்னொருவன் விழுந்தான். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டியதாயிற்று. அஷீல் இறங்கவில்லை. பாரச் சைக்கிளில் புட்டிப் பெட்டியோடு ஏறும்போது எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் சுழலும். உட்கார்ந்தே, பிட்டத்தைப் பின்னால் தள்ளி, ஒரே சீராக மிதிக்க வேண்டும். அப்படித்தான் மிதித்தான். விழுந்தவர்களுக்கும் வேலிக்கும் நடுவே ஒரு முழ அகலம் இருந்தது. அதில் நுழைந்தான். மேலே பண்ணைக்காரர்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

"ஏய், நம்ம பீர்க்காரன்டா."

"பெட்டி இல்லாம வரான். அதான் இந்த வேகம்."

உச்சியில் அவனுக்கு முன்னால் ஒரே ஒரு முதுகுதான் தெரிந்தது. யாப். அவனும் இறங்காமல் ஏறியிருந்தான். இறக்கத்தில் அஷீல் அவனைப் பிடித்தான். பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் யாரும் இல்லை.

கொஞ்ச நேரம் இருவரும் மாறி மாறி முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொண்டார்கள். பிறகு யாப்பின் தோள் ஆடத் தொடங்கியதை அஷீல் கவனித்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பசி. பந்தயத்தில் பசி ஏறினால் கால்கள் பஞ்சாகிவிடும்.

"தண்ணித்தூக்கி, தின்ன ஏதாச்சும் வெச்சிருக்கியா?"

அஷீலின் கை முதுகுப் பைக்குப் போனது. கொடுத்துக் கொடுத்துப் பழகிய கை. கேட்டதும் தானாகவே போய்விட்டது. காகிதத்தைப் பிரித்தபோதுதான் யோசனை வந்தது. கொடுக்காவிட்டால் இன்னும் இரண்டு மைலில் இவன் உட்கார்ந்துவிடுவான். பந்தயம் தன்னுடையது. ஆனால் பசித்தவனிடம் மறைத்துத் தின்று ஜெயித்ததை இர்மாவிடம் எப்படிச் சொல்வது? அப்பத்தைப் பிட்டு, பாதியை நீட்டினான். மற்றப் பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டான்.

யாப் இரண்டே வாயில் விழுங்கினான். "நானா இருந்தா தந்திருக்க மாட்டேன்."

"தெரியும்."

"உன்ன ஊருக்குள்ள விட்டது நான்தான், ஞாபகம் வெச்சுக்கோ."

"விட்டீங்க. நான் இறங்கின உடனே தாக்கினதும் நீங்கதான். அதுவும் ஞாபகம் இருக்கு."

யாப் விரலை நக்கிக்கொண்டான். முகத்தில் நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. இறுதிக் கோட்டை நெருங்கும் கடைசி வேகத்தில் யாப்பை அந்தத் தேசத்திலேயே அடிக்க ஆளில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் எதற்கு வம்பு என்று நினைத்தானோ என்னவோ, குரலை இறக்கிப் பேசினான்.

"அடுத்த வருஷம் என் அணிக்கு வந்துடு. நல்ல இடம் தரச் சொல்றேன். இன்னிக்கு எனக்கு விட்டுக் கொடு."

அஷீல் யோசிப்பதுபோல் கொஞ்ச தூரம் ஓட்டினான். "வீட்டுல கேக்கணும்" என்றான்.

லீர்டெகெம்முக்கு முன்னால் கால்வாயை ஒட்டி நீண்ட, நேரான சாலை ஒன்று இருக்கிறது. வலது பக்கமிருந்து காற்று தடுப்பில்லாமல் அடிக்கும். இப்படிப்பட்ட காற்றில் முன்னால் போகிறவனின் இடது தோளுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டால் உடம்பில் காற்றே படாது. எத்தனையோ சாலைகளில் நோயெலுக்கு அந்த இடத்தை ஒழித்துக் கொடுத்து, தான் வலது பக்கம் நின்று அடி வாங்கியவன் அஷீல். இன்றைக்கு அவன் சாலையின் இடது ஓரத்துக்கே போனான். சக்கரம் புல்லை உரசுகிற அளவுக்கு ஓரம். அவனுக்கு இடது பக்கம் ஒரு சாண் புல், அப்புறம் கால்வாய். யாப்புக்கு ஒண்ட இடமே இல்லை.

"நகருடா."

அஷீல் நகரவில்லை. வேகத்தை ஏற்றினான். யாப் பின்னால் காற்றில் நின்றான். முன்னால் போய்ப் பார்த்தான், அஷீல் விடவில்லை. அந்தச் சாலை முழுக்க, உலகமே மெச்சுகிற ஓட்டக்காரன் தலையைக் குனிந்து, ஒதுங்க நிழல் இல்லாமல் உழைத்தான். தண்ணித்தூக்கியின் வேலை எப்படியிருக்கும் என்று அன்றைக்கு அவனுக்குத் தெரிந்திருக்கும்.

சந்தைத் திடல் திரும்பியதும் ஜனங்களின் சத்தம் மழையைவிடப் பலமாக இருந்தது. அஷீல் காத்திருக்கவில்லை. கோடு எங்கே என்று தெரிவதற்கு முன்பே எழுந்து நின்று மிதித்தான். யாப்பின் முன்சக்கரம் அவன் பின்சக்கரத்துக்கு வந்தது, பிறகு அவன் காலுக்குப் பக்கத்தில் வந்தது. மூச்சுச் சத்தம் காதருகே கேட்டது. அஷீலுக்குக் கண் இருண்டது. வாயில் இரும்பு ருசித்தது. இதோ தாண்டப் போகிறான், இதோ தாண்டப் போகிறான் என்று நினைத்துக்கொண்டே மிதித்தான். யாப் தாண்டவில்லை. கோட்டைக் கடந்த பிறகும் அஷீல் மிதிப்பதை நிறுத்தவில்லை; வைக்கோல் பொதியில் மோதித்தான் நின்றான்.

ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. "ஜெயித்தவர், நோயெல் டெமைன்க்."

நோயெலும் அவனும் போடுவது ஒரே அணியின் நீலச் சட்டை, முகம் பூராவும் சேறு; அறிவிப்பாளரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆறு மைலுக்கு அப்பால் சாண்டர்கெம்மில், பூட்டிய கடை வாசலில், பக்கத்து வீட்டு ஜன்னலைத் திறந்துவைத்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் அதே அறிவிப்புதான் போயிற்று. ஏதோ நம்ம அணிதானே என்று இரண்டு பேர் கை தட்டினார்கள்.

"அஷீல் எங்க?" என்றாள் இர்மா.

"பின்னால எங்கயாச்சும் வந்துட்டிருப்பான். நீ கதவத் திற, குளிருது" என்றார் சிரீல்.

அவள் திறக்கவில்லை.

லீர்டெகெம்மில் யாரோ ஈரத் துணியால் அஷீலின் முகத்தைத் துடைத்தார்கள். சேறு போன பிறகு அறிவிப்பாளர் குனிந்து பார்த்தார். "நீ நோயெல் இல்லையே? யாருப்பா நீ?"

"அஷீல். அஷீல் காலெவார்ட்." கூடவே, கேட்காமலே சொன்னான், "சாண்டர்கெம், சிரீல் கடை."

ரேடியோவில் அது அப்படியே போயிற்று, கடைப் பெயரோடு. சாண்டர்கெம்மில் சிரீல் பக்கத்தில் இருந்த பேண்டின் பெரிய முரசின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, தன் ஆயுளில் யாருக்கும் ஒரு கிளாஸ் சும்மா ஊற்றியறியாத மனுஷன், "இன்னிக்கு யாரும் காசெடுக்கக் கூடாது" என்று சத்தம் போட்டார். இர்மா ஏப்ரன் பையில் கை விட்டாள். அவசரத்தில் சாவியைத் துவாரத்தில் நுழைக்க முடியவில்லை. சீட்டாடுகிறவர்களில் ஒருவர் வாங்கித் திறந்துவிட்டார்.

ஒமேர் கார் கடைசியில் வந்து சேர்ந்தபோது அஷீல் கழுத்தில் மாலையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஒமேர் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடி வந்தார்.

"யாரக் கேட்டுடா ஜெயிச்ச?"

"நீங்க கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தீங்க."

ஒமேர் அவன் ஈரத் தலையை இரண்டு கையாலும் பிடித்து, உச்சியில் முத்தம் கொடுத்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பிப் போனார். யாப் வந்து கை கொடுத்தான். "வீட்டுல கேட்டியா?" என்றான். "இனிமேதான்" என்றான் அஷீல்.

நோயெல் வெகுநேரம் கழித்து, ஒரு பால்காரனின் வண்டியில் போர்வை சுற்றிக்கொண்டு வந்து இறங்கினான். ஜெயித்தது யார் என்று கேட்டு, சொன்னதும் போர்வையை உதறிவிட்டு நொண்டிக்கொண்டே மேடையைத் தேடி ஓடினான். அஷீலைத் தூக்கப் பார்த்து, கால் நரம்பு இழுத்து, இருவரும் சேற்றில் உருண்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் நோயெல் ஒரே ஒரு தடவை, எல்லோரும் பார்க்கும்படி, ஒரு கடைக்குள் போய்ப் புட்டி எடுத்து வந்து அஷீலிடம் கொடுத்தான். எடுத்தது வினிகர் என்பது திறந்த பிறகுதான் தெரிந்தது.

அஷீல் யாப்பின் அணிக்குப் போகவில்லை. இன்னும் நான்கு வருடம் நோயெலுக்காகத்தான் ஓட்டினான். வேறு பெரிய பந்தயம் எதையும் ஜெயிக்கவும் இல்லை. அதில் அவனுக்கு மனக்குறை இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் கூட்டத்தில் அவன் முன்னால் போக வேண்டுமென்றால் யாரும் முழங்கையை விரிக்கவில்லை. வழி விட்டார்கள்.

ஜெயித்த அன்று மாலை அவன் சாண்டர்கெம்முக்குத் திரும்பியபோது மழை விட்டு, மேற்கே ஒரு கீற்று வெளிச்சம் இருந்தது. பேண்டு ஊர் எல்லைக்கே வந்து அழைத்துப் போயிற்று. கடைக்குள் அவனை மேசைமேல் ஏற்றிப் பேசச் சொன்னார்கள். அவனுக்குப் பேச வராது. "எல்லாருக்கும் நன்றி. பின்னாலேருந்து தள்ளிவிட்டவங்களுக்கும் நன்றி" என்று பாதிரியாரைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினான். இர்மா அவன் மாலையைச் சரிசெய்தாள். பேண்டு ஒரு நடனப் பாட்டை எடுத்தது. வேறு செருப்பு மாற்றக்கூட அவகாசம் தராமல் இருவரையும் நடுவில் தள்ளினார்கள். பந்தய ஷூவின் அடியில் பெடலில் மாட்டிக்கொள்ளும் இரும்புத் தகடு. தரையெங்கும் சிந்திய பீர். மூன்றாவது சுற்றிலேயே அஷீல் கால் வழுக்கி, இர்மாவையும் இழுத்துக்கொண்டு தொப்பென்று உட்கார்ந்தான்.

"எந்திரி" என்றாள் இர்மா, சிரிப்பில் மூச்சு முட்ட. "பாட்டு இன்னும் முடியல."